சிற்றூர் மருத்துவமனையும் செவிலியர் பணியும்: ஒரு வரலாற்று நோக்கு

நம் பங்கின் விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டனர். ஆலயம் எழும்பிய கதை, மணிக்கூண்டு, மாதா கெபி, பணியாற்றிய குருக்களின் வரிசை ஆகியவற்றைப் பிறர் எழுதுகின்றனர். ஆகவே அவற்றில் இடம்பெறாத ஒரு வரலாற்றை எழுதத் துணிந்தோம். ஊர்ப்புறங்களில் நோயாளியின் கட்டிலருகே விழித்திருந்த பெண்களின் வரலாறே அது.

வீடு சந்திக்கச் செல்லும்போது வீரபாண்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் அடிக்கடி ஒரு காட்சியைக் காண்கிறோம். இயேசுவின் திரு இருதயப் படத்திற்குப் பக்கத்தில், வெள்ளுடை அணிந்த மகளின் படம் மாட்டப்பட்டிருக்கும். "பிள்ளை இப்போது எங்கே அம்மா?" என்று கேட்டால், "ரியாத்தில் சாமி", "லண்டனில் சாமி", "கோயம்புத்தூரில் சாமி" என்று பதில் வரும். பெற்றோரின் முகத்தில் பெருமை தெரியும். நமக்கும் அது மகிழ்ச்சியே. அந்தப் பிள்ளையின் சம்பளத்தால் ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. தம்பி கல்லூரிக்குப் போனான்.

மற்றொரு காட்சியும் உண்டு. விடியுமுன் ஏலத்தோட்டத்திற்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் சாலை வளைவில் கவிழ்கிறது. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்தவர் மயங்கி விழுகிறார். வயல் வரப்பில் ஒருவரைப் பாம்பு தீண்டுகிறது. அருகிலுள்ள சிறு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றால், கதவைத் திறப்பவர் சென்ற மாதம் வேலைக்குச் சேர்ந்த ஒரு சிறு பெண். அடுத்த மாதம் அவர் அங்கே இருப்பாரா என்பது நிச்சயமில்லை. ஆண்டுதோறும் இத்தனை பேர் செவிலியர் படிப்பை முடித்தும் சிற்றூரில் தங்குவார் ஏன் இல்லை? இக்கேள்வியோடு வரலாற்றைப் பார்ப்போம்.

அதற்கு முன், நம்மைப் பற்றிய ஒரு குறையை ஒப்புக்கொண்டுவிடுவது முறை.

நாம் செய்த தவறு

நாம் குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், மலையடிவாரத்துப் பங்கு ஒன்றில் பணியாற்றினோம். அங்கிருந்த ஒரு சிறு மருத்துவமனையின் நிர்வாகமும் நம் பொறுப்பில் இருந்தது. அங்கே நர்சுகள் தங்குவதில்லை. ஒன்றரை ஆண்டில் மூவர் வந்து போயினர். நான்காவதாக வந்தவர் தஞ்சைப் பக்கத்துப் பெண். படிப்பு முடித்து ஆறு மாதமே ஆகியிருந்தது. வந்த மூன்றாம் வாரத்திலேயே இரவு முறையைத் தனியாகப் பார்க்கும்படி சொல்லிவிட்டோம். டாக்டர் டவுனுக்குப் போயிருந்த ஓர் இரவில், பேறுகால வேதனையோடு ஒரு தாயை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். இரத்தப்போக்கு நிற்கவில்லை. அப்பெண் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து, வண்டி பிடித்து, தாயோடு தானும் ஏறி மதுரைக்குக் கொண்டு சேர்த்தார். தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் காலை அவர் பையோடு நம் அறை வாசலில் நின்றார். "இப்படிப் பயந்தால் எப்படியம்மா? சேவை என்றால் அர்ப்பண உணர்வு வேண்டாமா?" என்று கேட்டோம். அவர் தலை நிமிராமல், "வேலை செய்ய எனக்குப் பயமில்லை சாமி. பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல் செய்யத்தான் பயமாயிருக்கு" என்றார். பத்து மணிப் பேருந்தில் போய்விட்டார். அடுத்த ஞாயிறு மறையுரையில், இக்காலத்து இளம் பெண்களிடம் தியாகம் குறைந்துவிட்டது என்று பேசினோம். பேசியது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது நியாயமன்று என்று உணரப் பல ஆண்டுகள் பிடித்தன. செவிலியர் வரலாற்றைப் படித்த பின்னரே அந்தப் பெண் சொன்ன வாக்கியத்தின் பொருள் நமக்கு விளங்கிற்று.

நகரில் பிறந்த பயிற்சி

1860-ஆம் ஆண்டு லண்டன் தூய தோமா மருத்துவமனையில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பெயரால் செவிலியர் பள்ளி தொடங்கிற்று. அப்பள்ளியில் பாடம் மட்டும் நடக்கவில்லை. பயிலும் பெண்கள் ஒரே விடுதியில் தங்கினர். மூத்த செவிலியரின் கண்பார்வையில் வார்டில் நின்று வேலை பழகினர். பள்ளியும் வீடும் ஒன்றாயிருந்ததே அம்முறையின் வலிமை.

பதினோரு ஆண்டுகளில், அதாவது 1871-இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. 1926-இல் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. ஆயினும் பயிற்சியெல்லாம் பெரும்பாலும் நகரங்களிலேயே நடந்தது. பயிற்சி பெற்றவரும் அங்கேயே நின்றனர். 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, நாடு முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியரே உள்ளனர் என்றும், 43,000 மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கே கிடைக்கிறது என்றும் எடுத்துக்காட்டியது. நம் பாட்டிமார் காலத்தில் இப்பள்ளத்தாக்கில் பிள்ளை பெற்றவருக்கு ஊர் மருத்துவச்சியே கதியாயிருந்தார் என்பதில் வியப்பில்லை.

திருச்சபை கதவைத் திறந்த கதை

கன்னியர் மடங்கள் மருத்துவமனை நடத்துவதை இன்று இயல்பாக எண்ணுகிறோம். ஆனால் துறவறத்தார் மருத்துவத் தொழில் செய்வதை, சிறப்பாகப் பேறுகாலம் பார்ப்பதைத் திருச்சபையின் சட்டம் நெடுங்காலம் தடுத்தே வந்தது. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூசிய பெண்கள் கவனிப்பாரின்றி இறந்துகொண்டிருந்தனர். இதைக் கண்டு வருந்தியவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன் அம்மையார். அவர் முயற்சியால் 1909-இல் இராவல்பிண்டியில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. அவர் வழியே ஊக்கம் பெற்ற ஆஸ்திரிய நாட்டு அன்னா டெங்கல், மருத்துவம் பயின்று 1920-இல் அங்கு வந்தார். ஒரு மருத்துவர் தனியாக வந்து சில ஆண்டு உழைத்துத் திரும்பினால் போதாது, பயிற்சி பெற்றுச் சேர்ந்து வாழும் ஒரு குழுவே வேண்டும் என்று கண்டார். 1925-இல் மருத்துவ மறைபணிச் சகோதரிகள் சபையை நிறுவினார். 1936 பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாளன்று, துறவியர் முறையாக மருத்துவமும் பேறுகாலப் பணியும் பயின்று செய்யலாம் என்று உரோமையிலிருந்து கட்டளை வெளிவந்தது. நாம் காணும் மிஷன் மருத்துவமனைகள் பலவற்றின் பேறுகால வார்டுகளுக்கு அந்தக் கட்டளையே வாசல் திறந்தது.

அக்கட்டளைக்கு முன்பே தனி அனுமதி பெற்று வந்தவர் ஒருவர் உண்டு. ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவரான மேரி குளோரி 1920-இல், அன்று நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்கு வந்து கன்னியரானார். திருத்தந்தை 15-ஆம் ஆசீர்வாதப்பரின் அனுமதியோடு மருத்துவப் பணி செய்தார். அவர் நோயாளிகளைப் பார்த்ததோடு நிற்கவில்லை. அவ்வூர்ப் பெண்களையே மருந்து கலக்கவும், பேறுகாலம் பார்க்கவும், செவிலியராய் நிற்கவும் பழக்கினார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தோற்றுவித்தார். 2013-இல் திருச்சபை அவரை இறை ஊழியர் என அறிவித்தது.

சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஐடா ஸ்கடர் அம்மையாரையும் இங்கு நன்றியோடு நினைக்க வேண்டும். வேலூரில் 1900-இல் சிறு அளவில் பணி தொடங்கிய அவர், 1909-இலேயே அங்குச் செவிலியர் பயிற்சியை ஏற்படுத்தினார். கப்பலில் வரும் வெளிநாட்டு நர்சுகளை எதிர்பார்த்திருந்தால் காரியம் நடவாது என்று அவர் அறிந்திருந்தார். 1946-இல் அது செவிலியர் பட்டப்படிப்பாகவும் வளர்ந்தது.

மூத்த சகோதரியின் மேசை

இவ்வாறு எழுந்த சிற்றூர் மிஷன் மருத்துவமனைகளில் ஒரு காலத்தில் செவிலியர் பல ஆண்டுகள் தங்கினர். சம்பளம் அதிகமில்லை. வசதி அதைவிடக் குறைவு. பின் எது அவர்களை நிறுத்திற்று? பக்தி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பக்தி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பேறுகால அறையின் மூலையில் மேசை போட்டு அமர்ந்திருந்த மூத்த சகோதரியை நாம் மறந்துவிடுகிறோம். நள்ளிரவில் எந்தப் பெண்ணும் அவரை எழுப்பலாம். அவர் எழுந்து வருவார். வேலையைப் பிடுங்கிக்கொள்ளாமல், பக்கத்தில் நின்று, "இப்போது நாடியைப் பார்", "இன்னும் பொறு", "இப்போது வண்டிக்குச் சொல்லி அனுப்பு" என்பார். காலையில் காப்பி குடிக்கும்போது, இரவு எங்கே தவறினோம் என்று பேசுவார். திட்டவும் செய்வார். அழுதால் ஆற்றவும் செய்வார். இதற்கு அன்று தனிப்பெயர் கிடையாது. இன்று இதையே வழிகாட்டுதல் என்றும் வழித்துணை என்றும் கூறுகின்றனர்.

அந்த மூத்தோர் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றனர். கல்லறைத் தோட்டத்துக்கும் சென்றனர். மடங்களில் புதிய அழைத்தல்களும் குறைந்தன. நாமோ, ஒரு சகோதரி குறைந்தால் ஒரு சம்பள நர்சைப் போட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று எண்ணினோம். போனது ஓர் ஆள் மட்டுமன்று, பக்கத்தில் நிற்கும் துணையும்தான் என்பது நம் கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை.

அதே காலத்தில் வெளிவாசலும் அகலத் திறந்தது. மலைக்கு அப்பால் உள்ள கேரளத்திலிருந்து 1960-களிலேயே கத்தோலிக்கப் பெண்கள் ஜெர்மனிக்குச் செவிலியராகச் சென்றனர். பின்னர் வளைகுடா நாடுகளும், அதன்பின் இங்கிலாந்தும் அழைத்தன. கம்பம் பள்ளத்தாக்கின் பெண்களும் அவ்வழியே சென்றனர். அதில் பாவம் ஒன்றுமில்லை. வெளியே போனவரைக் குறை கூறுவதை விட்டு, உள்ளே இருந்தவரை நாம் எப்படி நடத்தினோம் என்று பார்ப்பதே நேர்மை.

1974-இல் அமெரிக்கச் செவிலியர் பேராசிரியை மார்லின் கிரேமர், செவிலியர் தம் பணியை விட்டு ஏன் விலகுகின்றனர் என்பதை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். பள்ளியில் கற்றதற்கும் வார்டில் கண்டதற்கும் உள்ள இடைவெளியில் புதிய செவிலியர் அதிர்ச்சியுற்று உடைந்துபோகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. முதல் மாதங்களில் துணை கிடைத்தால் அவர்கள் அதைக் கடந்துவிடுகின்றனர். இதை அறிந்தபோது, தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணின் முகமே நம் கண்முன் நின்றது.

அண்டை ஊர்களின் பாடம்

நமக்குத் தொலைவில்லாத சின்னாளப்பட்டி அருகே, 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் காந்திகிராமத்தைத் தொடங்கினர். இளமையில் கணவரை இழந்து, பின்பு மருத்துவம் கற்ற சௌந்தரம் அம்மையார், கிராமத்துப் பெண்களையே கிராமச் சேவைக்குப் பயிற்றுவிப்பதில் உறுதியாயிருந்தார். சிறு மருந்தகமாகத் தொடங்கிய பணி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

அந்த காந்திகிராமத்தில் பணியாற்றிய இளம் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் அவர் துணைவியார் மருத்துவர் லலிதாவும், தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவேயுள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிற்கு 1993-இல் சென்று குடிசை ஒன்றில் மருத்துவம் தொடங்கினர். அங்கே அப்போது பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்துகொண்டிருந்தன. வெளியூர் நர்சு எவரும் அங்கு வந்து தங்கமாட்டார் என்பது தெளிவு. எனவே அம்மலைவாழ் மக்களின் பெண் பிள்ளைகளையே தேர்ந்து, தம் அருகே வைத்துப் பழக்கினர். அப்பெண்கள் நோயறியவும், பேறுகாலம் பார்க்கவும், அறுவை அறையில் துணை நிற்கவும் தேர்ந்தனர். ஊர்கள்தோறும் மூத்த பெண்கள் சிலர் நலப்பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 20 என்ற அளவுக்குக் குறைந்தது. அப்பெண்களுக்கு அது வேலை பார்க்க வந்த ஊர் அன்று, தாய் வீடு.

நீலகிரியின் கூடலூரிலும் இதே கதைதான். 1990-இல் அங்குத் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகிய பழங்குடிகளின் பெண் பிள்ளைகளே செவிலியராய்ப் பயிற்சி பெற்றனர். மருத்துவமனைக்கே வர அஞ்சிய மக்கள், தம் மொழி பேசும் பிள்ளை அங்கே நிற்பதைக் கண்டு வரத் தொடங்கினர்.

இவ்விரண்டிலும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மண்ணின் மகளைத் தேர்ந்தது பாதி வேலை. கற்றுக்கொடுத்தவர்கள் தாமும் அங்கேயே தங்கியது மறுபாதி. நம் ஊர்ப் பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டு, பிறகு இருட்டில் தனியே நிறுத்தினால், அவளும் பத்து மணிப் பேருந்தில் போகத்தான் செய்வாள்.

கூலியும் நீதியும்

அரசின் முயற்சியையும் சொல்ல வேண்டும். 2005-க்குப் பிந்திய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மும்மூன்று செவிலியர் முறை வைத்து நியமிக்கப்பட்டனர். பகலோடு மூடிய நிலையங்கள் 24 மணி நேரமும் திறந்திருந்தன. அங்கே நடக்கும் பேறுகாலங்கள் பெருகின. ஏழைத் தாய்மாருக்கு இது பெரிய வரம். ஆனால் ஒப்பந்த முறையில் சேர்ந்த செவிலியரின் கண்ணீரையும் மறைக்கலாகாது. 2015-இல் சேர்ந்த பல்லாயிரவர் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பணிபுரிந்து, 2017 நவம்பரில் சென்னையில் போராட்டத்தில் அமர்ந்தனர்.

தனியார் மருத்துவமனைகளைப் பற்றி 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான இடத்திலும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே தொழிலாளரின் நியாயமான கூலியைப் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். ஆகவே நாம் தெளிவாயிருப்போம். வழித்துணை என்பது சம்பளத்துக்கு ஈடாகாது. 'சேவை' என்ற சொல்லைக் காட்டிக் கூலியைக் குறைப்பதும், சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்து ஆளை நிறுத்துவதும் நீதியன்று. பூட்டினால் ஆள் நிற்கலாம், மனம் நிற்காது.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்டு 2021-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதையே கூறுகிறது. கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள், நகருக்கு வெளியே பயிற்சி கொடுங்கள், பணியில் சேர்ந்த பின்னும் கற்க வழி செய்யுங்கள், தங்க நல்ல இடமும் பாதுகாப்பும் கொடுங்கள், தனித்துவிடாதீர்கள் என்பது அதன் சாரம். வட கர்நாடகத்தில் 2012 முதல் சில ஆண்டுகள், பெங்களூர் தூய யோவான் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற ஒரு திட்டம் நடந்தது. அனுபவமுள்ள செவிலியர் சிலர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு முறையாகச் சென்று, அங்குள்ள செவிலியரோடு அமர்ந்து, நோயாளிக் குறிப்புகளைச் சேர்ந்து பார்த்து, செய்து காட்டிப் பழக்கினர். பேறுகால அறிவும் ஆயத்தமும் அங்கு மேம்பட்டன. மூத்த சகோதரியின் மேசை பேருந்தேறிச் சென்றது எனலாம்.

நாம் செய்யத்தக்கது

நம் பங்கு ஏழைப் பங்கு. மருத்துவமனை கட்டும் வலிமை நமக்கில்லை. ஆயினும் நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு. அரசுப் பணியிலும் மிஷன் பணியிலும் இருந்து ஓய்வு பெற்ற செவிலியர் நம் ஊர்களில் இருக்கின்றனர். அவர்களை ஒன்றுகூட்டுவோம். சுற்றுவட்டார மருத்துவமனைகளில் புதிதாய்ச் சேரும் பெண்கள், எச்சமயத்தவராயினும், இரவிலும் தொலைபேசியில் அழைத்து யோசனை கேட்கக்கூடிய ஓர் அக்காவாக அவர்கள் இருக்கட்டும். வெளியூரிலிருந்து வரும் செவிலியர்க்கு வீடு வாடகைக்குக் கொடுக்கத் தயங்கும் வழக்கத்தை விடுவோம். ஞாயிறு மதியம் ஒரு வேளைச் சோற்றுக்கு அவர்களை அழைப்போம். படிக்க வசதியற்ற பிள்ளைகளுக்குப் பங்கின் உதவி நிதியிலிருந்து கைகொடுப்போம். ஆனால் அதற்காக எழுத்து வாங்க வேண்டாம். வெளிநாடு சென்ற நம் மக்களும் விடுமுறைக்கு வரும்போது, தாம் அங்குக் கற்றதை இங்குள்ள இளையவர்களுக்கு ஒருநாள் சொல்லித் தரட்டும்.

நல்ல சமாரியன் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அதில் சத்திரக்காரரைப் பற்றிப் பேசுவார் குறைவு. அடிபட்டவனோடு பல நாள் இருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கே கிடைத்தது. சமாரியன் அவரிடம் வெறுங்கையாய் ஒப்படைக்கவில்லை. முதல் நாள் தானே உடனிருந்து கவனித்தான். மறுநாள் கூலியாக இரண்டு தெனாரியம் கொடுத்தான். திரும்பி வரும்போது மிச்சத்தைத் தருவதாகவும் சொல்லிப் போனான். உடனிருத்தல், கூலி, திரும்பி வருவேன் என்ற உறுதி ஆகிய மூன்றும் கிடைத்ததால் சத்திரக்காரர் அந்தப் பொறுப்பைத் தாங்கினார்.

அன்று நம் வாசலில் பையோடு நின்ற பெண்ணுக்கு இம்மூன்றில் ஒன்றையும் நாம் கொடுக்கவில்லை. அவர் இன்று எங்கே இருக்கிறார் என்று அறியோம். எங்கோ ஒரு வார்டில் மூத்த செவிலியாக, புதிதாய் வந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார் என்று நம்ப விரும்புகிறோம். இந்த விழா நாளில் அவருக்காகவும், இப்பள்ளத்தாக்கின் மருத்துவமனைகளில் இன்றிரவு தனியே விழித்திருக்கும் எல்லாச் செவிலியருக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின், அவர்களில் ஒருவர் வீட்டுக்குச் சென்று நலம் விசாரித்து வாருங்கள்.